கல்கத்தாவில் கூட வந்தவர்

பிப்ரவரி 2, ஞாயிறு

புதுமணத் தம்பதிக்கு எங்கள் வீட்டில் விருந்து. என் மனைவி உலகம்மாளின் அண்ணன் மகள் சண்முகப்ரியாவும் அவள் கணவன் ஹரிஹரசுதனும் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், பால் பாயசம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் ப்ரியாவுக்குச் செய்வதில் உலகுவுக்கு ஓர் அலாதி மகிழ்ச்சி. கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போடாமல் விட்டவர் இந்தப் பெண்ணின் அப்பா. அது அச்சகத்தின் தவறு என்றார். அச்சகத்துக்கு என் மேல் என்ன கோபம்?

வியாழக்கிழமை இருவரும் தேனிலவுக்குக் கிளம்புகிறார்கள். மாலத்தீவு, பாலி என்று போகிற காலத்தில் இவர்கள் கல்கத்தாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காரணம் உலகு. சிறு வயதிலிருந்தே அத்தையின் கல்கத்தாக் கதையைக் கேட்டு வளர்ந்தாளாம் ப்ரியா.

எங்கள் கல்யாணமான நாலாவது வருஷம் நாங்கள் கல்கத்தா போனோம். எனக்கு அங்கே வரலாற்றுக் கருத்தரங்கு. அதன் பிறகு இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. உலகு அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவது வழக்கம். இன்று மாப்பிள்ளைக்கு எதிரே இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பாதிப் பாயசத்தில் எழுந்திருக்க முடியுமா? முழுக் கதையையும் கேட்க வேண்டியதாயிற்று.

டிராமில் ஜன்னலோரமாகப் போனோம், மண் குவளையில் டீ குடித்தோம், ஹூக்ளி ஆற்றில் படகில் போனோம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். படகில் குளிர்காற்று அடித்தபோது நான் என் மப்ளரைக் கழற்றி அவள் காதைச் சுற்றிக் கட்டிவிட்டேனாம். அப்புறம் சாமி பொம்மைகள் செய்கிற குயவர் தெரு. அங்கே தை, மாசியில் வருகிற சரஸ்வதி பூஜைக்கு முந்தைய வாரம். தெரு முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சரஸ்வதிகள், ஒன்றுக்கும் கண் வரையவில்லை.

“இவிய அதப் பாத்துட்டு என்ன சொன்னாவ தெரியுமா? நம்ம காலேஜ் கிளாஸ் ரூம் மாதிரியே இருக்கு, அத்தனயும் படிச்ச சாதி, ஒருத்திக்கும் கண்ணு தெறக்கலன்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குப் புரை ஏறிவிட்டது. “மாமாவுக்குள்ள இப்படி ஒரு ஆளா?” என்றான். நானும் சிரித்து வைத்தேன்.

நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் தெருவுக்கே நான் போனதில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

வரலாறு படித்தவனுக்கு முதல் பாடம், சாட்சி யார், அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பது. கேட்கிறேன்.

கல்கத்தாவில் மூன்று நாளும் எனக்குக் கருத்தரங்கு வேலை. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழர் நடத்திய லாட்ஜில் தங்கியிருந்தோம். முதலாளி வீட்டுப் பெண்களோடு காளி கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உலகு முதல் நாள் கிளம்பினாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை. கோயில்கள் நிறைந்த ஊர்தானே என்று இருந்துவிட்டேன்.

மப்ளரைக் கழற்றிக் கட்டிவிட்டேன் என்பது சுத்தப் பொய். அந்த மப்ளர் இரண்டாம் நாளே அறையிலிருந்து காணாமல் போய்விட்டது. பெருக்க வருகிற ஆள்தான் எடுத்திருக்க வேண்டும். முதலாளியை அறைக்கே கூப்பிட்டுப் புகார் கொடுத்தேன். அவன் காளி மேல் சத்தியம் செய்தான். திருடுகிறவர்கள் எல்லாம் சத்தியம் செய்வார்கள்.

தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. ஆளுக்குச் சொல்லியிருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

துறைக் கூட்டம். நான் வாய் திறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மோட்டார்க்காரன் வந்தான். வால்வில் பாசி. சரியாகிவிட்டது.

காலையில் ப்ரியாவும் மாப்பிள்ளையும் ரயில் ஏறினார்கள். உலகு போனில் டிராம் எங்கே ஏற வேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி.

காபி குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். டிராமில் நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம்? அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, “எடது பக்கம். ஏன்?” என்றாள். சும்மா என்றேன். படகில் நின்றோமா உட்கார்ந்தோமா? நின்றோமாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு. பதிலில் தடுமாற்றமே இல்லை. கட்டுக்கதை சொல்கிறவர்கள் இவ்வளவு சீராகச் சொல்ல மாட்டார்கள், எங்காவது இடறுவார்கள். இவள் இடறவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ப்ரியா வாட்ஸப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறாள். அதே குயவர் தெரு. சந்து இரண்டு பேர் உரசிக்கொண்டு போகிற அகலம். வைக்கோல் கட்டிய உடம்புகள், அதன்மேல் மண் பூச்சு, ஒரு மூலையில் தலைகள் மட்டும் தனியாக. உலகு சொன்னபடியேதான் இருக்கிறது. பூஜை முடிந்துவிட்டதால் சரஸ்வதிகள் மட்டும் இல்லை. டிராம் கிட்டத்தட்ட நின்றே போய்விட்டதாம். உலகுவுக்கு அதில் வருத்தம். “அந்தச் சத்தம் கேட்டா தூங்கிட்டிருக்குற ஊரு எந்திரிச்சு ஒக்காரும்” என்றாள்.

ஆக, அவள் அங்கே போயிருக்கிறாள். அது நிரூபணமாகிவிட்டது. மிஞ்சுவது ஒரே கேள்வி. யாரோடு?

தனியாகப் போயிருப்பாள் என்பது நடக்காத காரியம். அதுவரை தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குக்கூடத் துணையில்லாமல் பஸ் ஏறாதவள். இந்தி ஒரு சொல் தெரியாது. பிறகு, அந்த வேடிக்கைப் பேச்சு. நம் காலேஜ் கிளாஸ் ரூம், படித்த சாதி, கண் திறக்கவில்லை. ஒரு வாத்தியார் வாயிலிருந்துதான் அது வந்திருக்க முடியும். உலகு பள்ளிக்கூடத்தோடு நின்றவள். அவள் வேடிக்கையாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் கல்லூரியிலிருந்து அந்தக் கருத்தரங்குக்கு வந்த இன்னொரு வாத்தியார் ஒருவர்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

தேவசகாயம். பெயரை எழுதவே கை கூசுகிறது. என்னைவிடச் சீனியர் என்ற ஒரே தகுதியில் துறைத் தலைவர் ஆனார், பிறகு முதல்வரும் ஆனார். அவர் கருத்தரங்கில் படித்த கட்டுரையில் இருந்த கல்வெட்டு விஷயம் நான் ஸ்டாஃப் ரூமில் பேச்சுவாக்கில் சொன்னது. அவருடைய கட்டுரை முதல் நாள் காலையிலேயே வைக்கப்பட்டது. என்னுடையதை அன்றைய கடைசி அமர்வுக்குத் தள்ளி, மதியம் நேரமில்லை என்று பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அமர்வுத் தலைவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் தேவசகாயம். பேசவில்லை. என் முதுகில் தட்டி, “விடுங்க சார், ஊர சுத்திப் பாருங்க” என்றார்.

ஊர் சுற்றிப் பார்த்தது யார் என்று இப்போது தெரிகிறது.

வேடிக்கையாகப் பேசுவதில் மன்னன். ஸ்டாஃப் ரூமில் அவரைச் சுற்றித்தான் கூட்டம். மூன்று நாளும் அவர் அரங்கில் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் மதியத்துக்குப் பிறகு நான் அரங்குக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை.

பிப்ரவரி 12, புதன்

உலகு பாத்திரம் துலக்கும்போது முணுமுணுத்துப் பாடுகிறாள். என்ன சந்தோஷமோ.

பிப்ரவரி 15, சனி

பாளையங்கோட்டை போய் வந்தேன். கல்யாண வீட்டு முந்திரிக்கொத்து ஒரு டப்பா எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போனால் எதற்கு வந்தேன் என்று அவர் யோசிப்பார்.

தேவசகாயம் ஓய்வு பெற்ற பிறகு மெலிந்துவிட்டார். ஒரு காலை நீட்டி ஸ்டூலில் வைத்திருந்தார். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு இருக்கிறார். என்னைக் கண்டதும் எழ முயன்றார். நான் தடுக்கவில்லை.

கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம். மருமகள் கல்கத்தா போயிருக்கிறாள் என்றேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றமுள்ளவன் என்றால் அந்த ஊர்ப் பெயரில் ஏதாவது தெரியும். அவர் முந்திரிக்கொத்தை உடைத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். நம்மோடு வந்தபோது என் மனைவி படகில் போனாளாம், நீங்கள் பார்த்தீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

மெல்லுவதை நிறுத்தினார். பிறகு சொன்னார்.

“பாத்தேன் சார். ரெண்டாம் நாள், படித்துறைல. சாயங்காலம் நாங்க நாலஞ்சு பேரு வேடிக்க பாக்கப் போயிருந்தோம். உங்க வீட்டம்மா கம்பி ஓரமா நின்னுட்டிருந்தாங்க, கழுத்துல பழுப்பு மப்ளரு. சார் எங்கம்மான்னு கேட்டேன். டிக்கெட் எடுக்கப் போயிருக்காவன்னாங்க.”

நான் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன்.

“உங்களப் பாத்து ரெண்டு வார்த்த பேசலாம்னு நின்னேன். மொத நாள் உங்க பேப்பர எடுத்துட்டதுல எனக்கும் வருத்தம்தான். படகு வந்துது. அவங்க மட்டும் ஏறினாங்க. நீங்க வரல. நான் சட்டுனு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். நான் பாத்தது அவங்களுக்குத் தெரிய வேணாம்னு தோணுச்சு.” மடியில் விழுந்த துகளைத் தட்டிவிட்டு, “யார்ட்டயும் சொன்னதில்ல சார்” என்றார்.

இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டுதான் ஸ்டாஃப் ரூமில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இதமான குரலில் பேசினாரா? இவர் என் மேல் பரிதாபப்பட்டிருக்கிறார். இதற்கு இவர் என் மனைவியோடு படகில் போயிருந்தால்கூட நான் வெறுப்பதற்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பழுப்பு மப்ளர். காணாமல் போன என்னுடையதும் பழுப்புதான்.

அவர் பொய் சொல்லலாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நல்லவன் வேஷம் போடலாம். அவர் போயிருக்காவிட்டால் வேறு யாராவது படகில் காத்திருந்திருக்கலாம். உலகுவிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வருஷத்துக்கு வேண்டிய புளி வந்து இறங்கியிருக்கிறது. காலை டிபனுக்குப் பிறகு உலகு பின்கட்டில் சாக்கை விரித்து, அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு கொட்டை எடுக்க உட்கார்ந்தாள். நான் ஒரு நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். நான் அங்கே வந்து உட்காருவதில்லை என்பதால் நிமிர்ந்து பார்த்தாள்.

கல்கத்தாவில் படகில் உன்னோடு யார் இருந்தது என்று கேட்டேன்.

“நீங்கதான்” என்றாள், புளியைப் பிளந்தபடி.

“நான் இல்ல.”

“இல்லதான்.” கொட்டையைத் தட்டில் போட்டாள். அவள் கை நிற்கவேயில்லை. “மொத நாள் மத்தியானம் ரூமுக்கு வந்து செவத்தப் பாத்துப் படுத்தவிய, ஊருக்குக் கெளம்புற அன்னைக்கித்தான் எந்திரிச்சிய. கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தேன். காளி கோயிலுக்கு அந்த வீட்டுப் பொம்பளயளும் வரல, அவ்வளவு தூரம் ரயில்ல வந்துட்டு ரூம்லயே இருக்கவா? நான் பாட்டுக்குக் கெளம்பிட்டேன்.”

தனியாகவா என்றேன். தனியாகத்தான் என்றாள்.

“அப்பறம் எதுக்கு என்னச் சேத்த?”

“ஊருக்கு வந்ததும் எங்கம்மா கேட்டா, மாப்பிள்ள எங்கெங்க கூட்டிட்டுப் போனாவன்னு. தனியா சுத்திட்டு வந்தேன்னு சொன்னா அவ அழுவா. அப்பா உங்கள்ட்ட கேக்க வருவாவ. அதான், போன எடத்துக்கெல்லாம் உங்களயும் கூட்டிட்டுப் போயிட்டேன்.” அடுத்த புளியை எடுத்துக்கொண்டு, “சொல்லச் சொல்ல அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள்.

கண் திறக்காத சரஸ்வதியைப் பற்றிச் சொன்னது யார் என்று கேட்டேன். அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம்.

“நான்தான். பக்கத்துல ஆளில்ல. எனக்கு நானே சொல்லிச் சிரிச்சிக்கிட்டேன். அங்கன மண்ணு பெசஞ்சிட்டிருந்த ஒரு கெழவர் என்னப் பாத்து அவரும் சிரிச்சாரு.” பிறகு தலையைத் தூக்கினாள். “நீங்க யாருன்னு நெனச்சிய?”

நான் தட்டில் இருந்த கொட்டைகளைப் பார்த்தேன். அவள் விடவில்லை. திரும்பக் கேட்டாள். நேற்று பாளையங்கோட்டைக்கு எதற்குப் போனேன் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். “தேவசகாயம் சாரா?” என்றாள்.

சிரிக்க ஆரம்பித்தாள். உடம்பு குலுங்கச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்து புறங்கையால் துடைக்கப் போக, கையில் இருந்த புளி பட்டுக் கண் எரிந்தது. எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தபோது சிரிப்பு இல்லை.

“இத்தன வருசமும் நான் சொல்லும்போது இந்த வீட்லதான இருந்திய. ஒருநா கூட, நான் ஒங்கூட வரலயேன்னு சொல்லல. நல்ல பேரு வருதுன்னு பேசாம இருந்திய. இன்னைக்கி ஒரு சிரிப்புப் பேச்சுக்காக வந்து கேக்கிய.”

நான் கவனித்துக் கேட்டதில்லை என்றேன். அது உண்மைதான். அவளுக்கு அது சமாதானமாகப் படவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சாப்பாடு வைக்கிறாள், துணி மடிக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். பாட்டு மட்டும் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ப்ரியா போன் செய்தாள். ஊர் திரும்பியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை இனிப்போடு வருகிறார்களாம். “மாமா சொன்ன ஜோக்க இவரு அங்க எல்லார்ட்டயும் சொன்னாரு” என்றாள். நல்லது என்றேன். உலகுவிடம் போனைக் கொடுத்தேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கதவருகே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு சொல்லிவிடுவாளோ? சொல்ல மாட்டாள். இத்தனை வருஷம் காப்பாற்றியதை ஒரு பெண்ணுக்கு முன்னால் எதற்கு உடைப்பாள்?

ப்ரியாவுக்கு என்மேல் ஒரு மரியாதை உண்டு. வேறு யாருக்கு இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாலையில் இருவரும் வந்தார்கள். டின்னில் அடைத்த ரசகுல்லா, செய்தித்தாளில் சுற்றிய மண் குவளைகள். மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தெருவில் நின்று என் வேடிக்கைப் பேச்சைச் சொன்னதையும் கூட வந்தவர்கள் சிரித்ததையும் விவரித்தான். “இத எப்படி மாமா சட்டுனு சொன்னீங்க?” என்றான்.

உலகு ரசகுல்லாவைக் கிண்ணங்களில் வைத்துக்கொண்டிருந்தாள். “அது மாமா சொன்னதில்ல” என்றாள். “நான் சொன்னது. மாமா அன்னைக்கி வரல.”

ப்ரியா சிரித்தாள், அத்தை விளையாடுகிறாள் என்று. உலகுவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

“படகுலயாவது?”

“படகுலயும் நான் மட்டுந்தான். டிராம்லயும்.”

பிறகு முதலிலிருந்து சொன்னாள். நான் எழுந்து போகவில்லை. பேப்பரும் பக்கத்தில்தான் கிடந்தது. கதை வேறாக இருந்தது. நான் இல்லாததால் அதில் நிறைய இடம் இருந்தது. டிராமில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் டெப்போவரைக்கும் போய்விட்டாளாம். கண்டக்டர் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தாராம். என்ன பாஷையில் பேசினீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டான்.

“நான் தமிழ்ல கேட்டேன், அவரு பெங்காலில சொன்னாரு. வழி சரியாத்தான் இருந்துச்சு.”

மாப்பிள்ளை சிரித்தான். ப்ரியாவும் சிரித்துவிட்டாள். ஒரு மிட்டாய்க் கடையில் உட்கார்ந்து போதும் போதும் என்கிறவரை தின்றாளாம். அதற்கு முன்னும் பின்னும் கடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லையாம். குயவர் தெருக் கிழவர் கண் வரைகிற தூரிகையை அவள் கையில் கொடுத்து வரையச் சொன்னாராம். பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கூட வந்த கதையில் இவை ஒன்றும் இருந்ததில்லை.

“அப்ப மப்ளரு?” என்றாள் ப்ரியா.

“அது மட்டும் மாமாவோடது. அசந்து தூங்கினாவ, கொக்கில தொங்குச்சு, எடுத்து மாட்டிக்கிட்டேன். திரும்பி வந்தா, பெருக்குற ஆளத் திருடன்னு சொல்லி பெரிய சத்தம். நான் சேலத் தலப்புக்குள்ள ஒளிச்சிட்டேன். மறுநாள் அந்த ஆள்ட்டயே குடுத்துட்டேன். திருடன்னு பேரு வாங்கியாச்சு, பொருளாவது அவருட்ட இருக்கட்டும்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. உலகு ஒரு கணம் என் பக்கம் திரும்பினாள்.

கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே ப்ரியா கேட்டாள்.

“புது ஊர்ல அப்படித் தனியா போனீங்களே அத்த, பயமா இல்லயா?”

“போறப்ப ஒண்ணும் இல்லட்டி,” என்றாள் உலகு. “ரூமுக்குத் திரும்பி வாறப்பதான்.”

அவர்கள் போன பிறகு அவள் மண் குவளைகளைக் கழுவி ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்தாள். கொட்டை எடுத்த புளி இன்னும் சாக்கிலேயே கிடக்கிறது. உப்புப் போட்டு ஜாடியில் அடைக்க வேண்டும். நாளை கல்லூரிக்கு லீவு போட்டு நான் அடைத்து வைக்கிறேன் என்றேன். உங்களுக்கு எவ்வளவு உப்புன்னு தெரியாது என்றாள். பக்கத்தில் இருந்து சொல், கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

அவள் உப்பு டப்பாவை எடுத்துப் பின்கட்டில் வைத்திருக்கிறாள். எனக்காகத்தானா, தனக்காகவா என்று தெரியவில்லை.